பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு ஆராய்ச்சி பழக்குவது எப்படி: ஓர் ஏரி, ஒரு நோட்டு, எட்டு வாரம்

"சார், அசைன்மென்ட் குடுத்திருக்காங்க, எங்க சார் எடுக்கிறது?"

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டது இது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவன். அந்த 'எடுக்கிறது' என்ற சொல் அன்று முழுக்க என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் மேல் தப்பே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் பழக்கியது அதைத்தான்: புராஜெக்ட் என்றால் பிரவுசிங் சென்டரில் போய்த் தலைப்பைச் சொல்ல வேண்டும், கடைக்காரர் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார், சார்ட்டில் ஒட்டி ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் இழுத்தால் பத்துக்குப் பத்து. அந்தப் பத்தைப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி பழக்கிப் பார்த்து வருகிறேன். தேறியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர், அப்பா அம்மா, கல்லூரியில் படிக்கும் அக்கா அண்ணன் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம், முனைவர் பட்டமெல்லாம் வேண்டாம், என்னிடமும் இல்லை. மார்ச்சில் பொதுத் தேர்வு முடிந்தால் கல்லூரி திறக்க எப்படியும் ஜூன், ஜூலை ஆகிவிடும். நீட் எழுதுகிற பிள்ளையை மட்டும் அந்தத் தேர்வு முடியும்வரை தொடாதீர்கள், மனசு அங்கேதான் கிடக்கும். மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று எட்டு வாரம் தாராளமாகப் போதும். ஒரு நீள நோட்டு, நெட் இருக்கிற ஒரு போன், ஒரு சைக்கிள். செலவு அவ்வளவுதான்.

முதல் வாரம்: ஒரு ஃபார்வர்டைப் பிரித்துப் போடுங்கள்

முதல் நாளே 'ஆராய்ச்சி என்றால் என்ன' என்று ஆரம்பித்தீர்கள் என்றால் பிள்ளை கொட்டாவி விட்டுவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறக்கச் சொல்லுங்கள். நான் எப்போதும் எடுப்பது சிதம்பரம் கோயில் பற்றிய ஃபார்வர்டு, உங்களுக்கும் நாலு முறையாவது வந்திருக்கும். சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளஹஸ்தி மூன்றும் ஒரே தீர்க்கரேகையில், 79 டிகிரி 41 நிமிடத்தில் இருக்கின்றன, சிதம்பரம் பூமியின் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளி, இதை மேல்நாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருஷம் ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள் என்று போகும்.

இதை நம்பலாமா என்று கேட்காதீர்கள். இதில் எத்தனை தனித்தனிச் செய்திகள் இருக்கின்றன என்று கேளுங்கள். மூன்று. மூன்றையும் நோட்டில் மூன்று வரியாக எழுதச் சொல்லுங்கள். ஒரு பத்தியை அதிலுள்ள கூற்றுகளாக உடைக்கிற இந்த வேலையைத்தான் பிள்ளைகள் முன்பு செய்ததே இல்லை, மொத்தமாக நம்புவார்கள் அல்லது மொத்தமாகச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

முதல் கூற்றுக்கு மேப் போதும். கூகுள் மேப்பில் கோயில் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும். சிதம்பரம் சுமார் 79.69, காஞ்சி 79.70, காளஹஸ்தி 79.70. தசமத்தை நிமிடமாக மாற்றச் சொல்லுங்கள் (புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60ஆல் பெருக்க வேண்டும், கணக்கு வாத்தியார் சந்தோஷப்படுவார்). மேப் தருகிற எல்லாத் தசமத்தையும் வைத்துப் பெருக்கினால் மூன்றுமே 41 நிமிடச் சொச்சத்துக்குள் விழுகின்றன. ஆக, அந்த வரி பொய்யில்லை! இங்கே 'எல்லாம் கட்டுக்கதை' என்று முன்கூட்டியே முடிவு கட்டிய பையன் கொஞ்சம் அடங்குவான். ஆனால் துல்லியமாக ஒரே கோடா என்றால் அதுவும் இல்லை, தெற்கு வடக்காகச் சுமார் 260 கிலோமீட்டர் தூரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் விலகல் இருக்கிறது. அடுத்து, பஞ்சபூதத் தலங்கள் ஐந்தாயிற்றே, மற்ற இரண்டு எங்கே என்று கேளுங்கள். திருவண்ணாமலை 79.07, திருவானைக்காவல் 78.71. கோட்டுக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஐந்தில் பொருந்திய மூன்றை மட்டும் சொல்லி, பொருந்தாத இரண்டைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஆராய்ச்சியில் நடக்கிற மோசடிகளில் பாதிக்கு மேல் இதே ரகம்தான் என்பது என் கணிப்பு.

இரண்டாவது கூற்று அப்படியே விழுந்துவிடும். காந்த நடுக்கோடு என்பது பூமியைச் சுற்றி ஓடுகிற கோடு, அதில் மையப்புள்ளி என்று ஒன்று கிடையாது, அது வருஷத்துக்கு வருஷம் நகரவும் செய்யும். இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் ஏவுவதற்குத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து போனது. திருநெல்வேலியில் இதற்கென்றே ஆய்வுக்கூடம் இருக்கிறது. மூன்றாவது கூற்றில் விஞ்ஞானி பெயரும் இல்லை, பத்திரிகையும் இல்லை, வருஷமும் இல்லை. அதனால் 'சரி', 'தப்பு' என்ற இரண்டு பெட்டிக்குப் பக்கத்தில் 'சரிபார்க்க வழியில்லை' என்று மூன்றாவதாக ஒரு பெட்டி போடச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருஷம் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தே பழகியவர்களுக்கு இப்படி ஒரு பெட்டி உண்டு என்பதே புதுச் செய்தி.

முடிவைக் குடும்பக் குழுவில் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நான் ஒருமுறை போட்டுவிட்டு, பெரியப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது வாரம்: தலைப்பைக் கேள்வி ஆக்குவது

எதைப் பற்றிச் செய்யலாம் என்று கேட்டால் 'சுற்றுச்சூழல் மாசு', 'பெண் கல்வி', 'சமூக ஊடகங்களின் நன்மை தீமைகள்' என்று வரும். கட்டுரைப் பகுதியில் எழுதி எழுதிப் பழகியவை. இதெல்லாம் தலைப்பு, கேள்வி இல்லை. தலைப்பை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம், எங்கே முடிப்பது என்றே தெரியாது. கேள்விக்கு விடை கிடைத்தால் முடிந்தது.

நான் வைத்திருக்கிற ஒரே விதி, சைக்கிளில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பது. ஒரு பையன் 'நீர் மாசு' என்றுதான் வந்தான். எந்த நீர்? எங்க ஊர் ஏரி சார். அதில் என்ன? அழுக்கா இருக்கு. அதற்கு முன்னால் என்ன? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தாத்தா காலத்துல நிரம்புமாம் சார், இப்ப மழை பேஞ்சாலும் நிரம்ப மாட்டேங்குது" என்றான். அதைப் பிடித்துக்கொண்டோம். மழை குறைந்ததா, ஏரி மேடாகிவிட்டதா, தண்ணீர் வருகிற வழியில் ஏதாவது மறித்துக்கொண்டதா? கடைசியில் அவன் நோட்டில் எழுதியது: 'எங்கள் ஏரியின் வரத்துக் கால்வாயில் 2000க்குப் பிறகு எத்தனை இடத்தில் என்ன என்ன அடைப்பு வந்திருக்கிறது?' ஒரு ஊர், ஒரு கால்வாய், ஒரு காலக்கெடு, எண்ண முடிகிற ஒரு பொருள். இதற்கு இரண்டு நாள் ஆனது. ஆகட்டும், அவசரப்படுத்தாதீர்கள், எட்டு வாரத்தில் மிக உருப்படியான இரண்டு நாள் அதுதான்.

ஏரிதான் வேண்டும் என்றில்லை. உழவர் சந்தையில் தக்காளி விலைக்கும் வெளிக் கடை விலைக்கும் ஒரு மாதம் முழுக்க என்ன வித்தியாசம், தெருப் பெயர்ப் பலகையில் எத்தனை பெயர் மாறியிருக்கிறது, கிளை நூலகத்துக்கு மாலையில் வருபவர்கள் எதைப் படிக்க வருகிறார்கள் என்றெல்லாம் செய்திருக்கிறார்கள். விடை ஒரே சொல்லில் முடிந்தால் கேள்வி சின்னது, பத்து வருஷம் ஆகும் என்றால் பெரியது.

கேள்வி முடிவானதும், விடை என்னவாக இருக்கும் என்று தான் நினைப்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, மடித்து, நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். பிறகு பார்க்கலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டிய இன்னொன்று, அரசு அலுவலகத்திலிருந்து ஏதாவது தகவல் தேவைப்படும் என்று தோன்றினால் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவை இப்போதே போட்டுவிடுவது. 2005ஆம் வருஷச் சட்டம், 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அப்பா அல்லது அம்மா பெயரில் போடுங்கள். 'ஏன் தூர்வாரவில்லை' என்று சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டால் பதில் வராது, 'எந்த எந்த வருஷத்தில் தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவானது, பணிப் பதிவேட்டின் நகல் வேண்டும்' என்று ஆவணத்தைக் கேட்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டி வையுங்கள்.

மூன்றும் நான்கும்: தேடுவது

இதில்தான் பெரியவர்கள் ஏமாறுகிறோம். போனில் விளையாடுகிற வேகத்தைப் பார்த்து, இந்தத் தலைமுறைக்குத் தேடச் சொல்லித்தர வேண்டுமா என்று நினைக்கிறோம். உட்கார்ந்து பாருங்கள். முழுக் கேள்வியையும் அப்படியே அடிப்பார்கள், முதலில் வந்ததைத் திறப்பார்கள், அது விளம்பரமாகக்கூட இருக்கும், அதிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள், கதை முடிந்தது.

தேடுவதற்கு முன்னால் ஒரு பக்கம் முழுக்கச் சொற்களை எழுத வையுங்கள். ஏரி என்பது வட மாவட்டத்துச் சொல். மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லைப் பக்கம் குளம், இன்னும் தாங்கல், ஏந்தல், ஊருணி என்று இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'லேக்' என்று தேடினால் ஊட்டியும் கொடைக்கானலும்தான் வரும், பாசன ஏரிக்கு அரசு ஆவணங்களிலும் ஆய்வுகளிலும் இருக்கிற சொல் 'டேங்க்'. இந்த ஒரு சொல் தெரியாமல் ஒரு பெண் ஒரு வாரம் முழுக்க வெறுங்கையோடு வந்தாள், சொன்ன மறுநாள் இருபது கட்டுரை கொண்டுவந்தாள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். பழைய ஆவணங்களில் காஞ்சிபுரம் காஞ்சீவரமாகவும் திருநெல்வேலி டின்னவெல்லியாகவும் திருச்சி ட்ரிச்சினாபொலியாகவும் செங்கல்பட்டு சிங்கில்புட்டாகவும் இருக்கும். அந்த எழுத்துக்கூட்டலில் தேடினால்தான் அகப்படும்.

தமிழில் தேடும்போது இன்னொரு தொல்லை உண்டு. நம் சொல்லில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும், சந்தி சேரும். 'கால்வாய்' என்று தேடினால் 'கால்வாயில்', 'கால்வாயை' எல்லாம் வரும் என்று நம்பாதீர்கள், இரண்டு மூன்று வடிவத்தில் தனித்தனியாக அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பிடிஎஃப் கோப்புகள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கின்றன அல்லது வெறும் படமாக இருக்கின்றன, அவற்றுக்குள் தேடினால் எதுவுமே கிடைக்காது, கண்ணால்தான் புரட்ட வேண்டும். கூகுளில் எதுவும் வரவில்லை என்பதற்கு, அப்படி ஒன்று இல்லை என்று அர்த்தம் கிடையாது. தமிழில் படிக்கிற பிள்ளை இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையோடு இரண்டு தந்திரம். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுவது. ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் அரசுத் தளங்களின் முகவரி முடிவைச் (gov.in) சேர்ப்பது, அப்போது அரசுத் தளங்களில் உள்ளது மட்டும் வரும். இவ்வளவு போதும், மீதி தானாக வரும்.

விக்கிப்பீடியாவைப் பார்க்காதே என்று சொல்லாதீர்கள், பார்ப்பார்கள். கீழே இருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். மேற்கோள் பட்டியலுக்குப் போய், அங்கே என்ன புத்தகம், என்ன ஆவணம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு அதைத் தேடிப் போவது. மேற்கோளே இல்லாத பத்தி என்றால் பெரியப்பாவின் ஃபார்வர்டும் அதுவும் ஒன்று.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் அப்படித்தான், ஒளித்துவைத்துப் பயனில்லை. ஒரு சோதனை செய்து காட்டுங்கள். 'எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஐந்து புத்தகம் சொல்' என்று கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர், பதிப்பகம், வருஷம் எல்லாம் போட்டு அழகாக ஒரு பட்டியல் கொடுக்கக்கூடும். அதை நூலகப் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேட வையுங்கள். எங்கள் குழுவில் ஒரு தடவை ஐந்தில் நான்கு புத்தகம் உலகத்திலேயே இல்லை. நான் நீளமாகப் பேசுவதைவிட அந்த அரை மணி நேரம் உறைத்தது. தேடுவதற்குச் சொற்கள் கேட்கலாம், புரியாத ஆங்கிலப் பத்தியை விளக்கச் சொல்லலாம். ஆதாரமாக மட்டும் அதைக் காட்டக் கூடாது.

கல்லூரிக்குப் போவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டிய சில இடங்களைச் சொல்கிறேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இருக்கின்றன, தமிழில் எழுதியவையும் உண்டு. ஈழத்து நூல்கள், பத்திரிகைகளுக்கு நூலகம் தளம். இன்டர்நெட் ஆர்கைவில் ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவரச் சுவடிகள் (கெசட்டியர்) கிடைக்கும். பிரான்சிஸ் எழுதிய மதுரையும் ஹெமிங்வே எழுதிய தஞ்சாவூரும் 1906இல் வெளிவந்தவை. பாசனம், பஞ்சம், புயல் என்று பொக்கிஷமாக இருக்கும், கூடவே சாதிகளைப் பற்றி எரிச்சலூட்டுகிற வரிகளும் இருக்கும். எழுதியவர் யார், எதற்காக எழுதினார், அவருக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று கேட்டுப் பழக இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. நிலவரி வசூலிக்கிற நிர்வாகத்துக்காக எழுதிய புத்தகம், அந்தக் கண்ணோடுதான் ஊரைப் பார்க்கும்.

அப்புறம் நூலகம். இந்தியாவில் சுதந்திரத்துக்குப் பிறகு முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம்தான், 1948இல். அதனால் பக்கத்தில் ஒரு கிளை நூலகமாவது இருக்கும். உள்ளே போனதும் நூலகர் "டிஎன்பிஎஸ்சி புக்கா தம்பி?" என்று கேட்பார், அவரைக் குறை சொல்ல முடியாது, வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள். தலைப்பைச் சொல்லாமல் கேள்வியைச் சொல்லிக் கேட்கப் பழக்குங்கள், "எங்க ஊர் ஏரிக்குத் தண்ணி வர்ற வழியைப் பத்திப் பாக்குறேன், பாசனம் பத்தி எந்த அலமாரி சார்?" என்றால் எழுந்து வந்து காட்டுகிற நூலகர்களை நான் பார்த்திருக்கிறேன். தேடிய புத்தகத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற புத்தகங்களையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கூகுளில் கிடைக்காத லாபம் இது. முழுப் புத்தகமும் படிக்க வேண்டியதில்லை என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். எப்போது வந்த புத்தகம், பொருளடக்கம், முன்னுரை, கடைசியில் சொல்லடைவு, பிறகு தேவையான பத்துப் பக்கம். சென்னைக்குப் போக முடிந்தால் ஒரு நாள் கன்னிமாராவுக்கோ (1896இல் திறந்தது, இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று) கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, தெற்கே என்றால் 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ கூட்டிப்போங்கள்.

ஐந்தாவது வாரம்: வெளியே கிளம்புங்கள்

ஏரி மாதிரி விஷயம் என்றால் போவதற்கு முன்னால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் 'அ' பதிவேட்டைப் பார்த்துவிடலாம், சர்வே எண், பரப்பு, வகைப்பாடு எல்லாம் இருக்கும். கணினியில் கூகுள் எர்த் போட்டால் பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷவாரியாக நகர்த்திப் பார்க்கலாம், கால்வாய் எந்த இடத்தில் காணாமல் போனது என்று ஓரளவு பிடிபடும். பிறகு நடந்து பார்க்க வேண்டும். கரை, மதகு, கலிங்கு, வரத்துக் கால்வாய் என்று ஊர்ச் சொற்களை அங்கே இருப்பவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.

பெரியவர்களிடம் 'எந்த வருஷம்' என்று கேட்கக் கூடாது. தெரியாது, அல்லது சும்மா ஒன்றைச் சொல்லிவைப்பார்கள். "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாடியா பின்னாடியா தாத்தா? எம்.ஜி.ஆர். செத்தப்ப ஏரி நிரம்பியிருந்துச்சா? சுனாமி வந்த வருஷம்?" என்று கேட்டால் டக்கென்று வரும். 1964, 1987, 2004 என்று நாம் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். வீட்டில் நடந்த கல்யாணம், பிரசவம்கூட நல்ல நாட்காட்டிதான். விடையைத் திணிக்கிற கேள்வியும் வேண்டாம், "வீடு கட்டுனதாலதான் தண்ணி வரலையா பாட்டி?" என்று கேட்டால் "ஆமாப்பா" என்றுதான் சொல்வார்கள், "ஏன் பாட்டி தண்ணி வரல?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதை வீட்டில் உங்கள் மேலேயே ஒத்திகை பார்க்கச் சொல்லுங்கள். ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் கேட்டு, மூன்று பேரும் வேறு வேறாகச் சொன்னால் மூன்றையும் எழுத வேண்டும்.

இங்கே நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பையன்களை நோட்டும் பேனாவுமாகக் கால்வாய் ஓரத்து வீடுகளை எண்ணிவரச் சொல்லி அனுப்பினேன். வீட்டை இடிக்கக் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்று ஊர் கூடிவிட்டது. நான் ஓடிப்போய் விளக்கம் சொல்லி, டீ குடித்து, சமாதானமாகி வருவதற்குள் இருட்டிவிட்டது. அங்கே குடியிருப்பவர்களுக்கு அது ஆராய்ச்சிப் பொருள் இல்லை, வீடு. அதற்குப் பிறகு ஊரில் தெரிந்த ஒருவர் துணை இல்லாமல் அனுப்புவதில்லை, வீடுகளைப் போட்டோ எடுக்க விடுவதில்லை, ஆட்களின் பெயரை எழுத விடுவதில்லை, பேசுவதற்கு முன் 'யார், எதற்காக' என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பம். இருவராகத்தான் போக வேண்டும், தண்ணீரில் இறங்கவே கூடாது.

ஆறாவது வாரம்: நோட்டும் எண்களும்

உண்மையில் முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டியது, ஆனால் இந்த வாரம்தான் நீங்கள் உட்கார்ந்து சரிபார்க்கப் போகிறீர்கள். நோட்டின் இடது பக்கம் பிறர் சொன்னது: புத்தகம் என்றால் பக்க எண், இணையம் என்றால் முகவரியும் பார்த்த தேதியும், ஆள் என்றால் வயது, தொழில், தேதி, இடம். வலது பக்கம் தனக்குத் தோன்றியது, சந்தேகம், 'இது அன்றைக்குப் படித்ததோடு ஒத்துப்போகவில்லையே' வகையறா. இரண்டும் கலக்கக் கூடாது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எது தன் வரி, எது புத்தக வரி என்று யாருக்கும் தெரியாது, திருட்டுப் பழி வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பு எடுத்தால் கை தானாக நகல் எடுக்கும். ஒரு பக்கம் படி, மூடு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல், சொன்னதை எழுது, திறந்து சரிபார். அதே சொற்களே வேண்டும் என்றால் மேற்கோள் குறி போட்டுவிடு. இதெல்லாம் எதற்கு என்று கேட்கிற பிள்ளையிடம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளைச் சொல்லுங்கள்: ஆய்வேட்டில் பிறருடைய எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை, 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முதுகலையிலிருந்துதான் இது கறாராக வரும். ஆனால் அங்கே போய் ஒரே நாளில் பழக்கம் வந்துவிடாது.

எண்களுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம் என்று ஒரு வரியைக் கொடுத்து, இதில் என்ன என்ன கேட்க வேண்டும் என்று எழுத வையுங்கள். எந்த வருஷம்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2021இல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை, எனவே 2011க்குப் பிந்தைய வருஷத்துக்கு யாராவது மக்கள்தொகை சொன்னால் அது எண்ணியது இல்லை, கணித்தது. யாரில் 80? எல்லாரிலும் இல்லை, ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில். எழுத்தறிவு என்றால்? ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிவது, பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்றில்லை. மூன்று கேள்விக்கு அப்புறம் அந்த எண் வேறு மாதிரி தெரியும்.

கடைசி இரண்டு வாரம்: எழுதுவது, நிற்பது

கையெழுத்தில் நாலு பக்கம் போதும். என் கேள்வி என்ன, எப்படித் தேடினேன், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. 'நீரின்றி அமையாது உலகு' என்று ஆரம்பித்தால் அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள், முடிவில் 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்' வந்தாலும் அப்படியே. தேர்வுத்தாளில் மார்க் கொடுத்த வரிகள்தான், இங்கே இடத்தை அடைக்கின்றன. 'கிடைக்கவில்லை' பகுதி எழுதத்தான் ரொம்ப வெட்கப்படுவார்கள். நான் அதற்குத்தான் முதலில் பாராட்டுவேன்.

எழுதி முடித்ததும் வீட்டில் மூன்று பேர் முன்னால் உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் எந்த வரியிலும் நிறுத்தி "யார் சொன்னது?" என்று கேட்கலாம். நோட்டைத் திருப்பி இடது பக்கத்தைக் காட்ட முடிந்தால் அந்த வரி இருக்கட்டும், முடியாவிட்டால் பென்சிலால் ஒரு கோடு. கோபம் வரும், ஒரு பெண் அழுதேவிட்டாள், அவள் தம்பி வேண்டுமென்றே ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கிறவர்களுக்கு ஆளுக்குப் பத்துக் கேள்வி என்று வரம்பு வைத்துவிடுங்கள். இந்தச் சுற்று முடிந்ததும் கடைசி அட்டையில் மடித்து ஒட்டிய தாளைப் பிரிக்கலாம்.

ஏரிப் பையனின் தாளில் 'பிளாட் போட்டவர்கள்தான் காரணம்' என்று இருந்தது. அவன் நடந்து எண்ணியதில் பெரிய அடைப்பு பத்து வருஷத்துக்கு முன்னால் சாலையை அகலப்படுத்தியபோது மேடாக வைத்துவிட்ட ஒரு சிறு பாலம், அதற்கு மேலே தண்ணீர் ஏறவே முடியாது. பிளாட் இரண்டாவது இடம்தான். அந்தத் தாளை அவன் கிழித்துப் போடப் போனான், நான் வாங்கி நோட்டிலேயே திரும்ப ஒட்டிவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்பிலேயே ஆரம்பித்தீர்கள் என்றால் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் இதே வேலையைக் கொண்டுபோகலாம், 10 முதல் 17 வயது வரை, உள்ளூர்ப் பிரச்சினைகளைக் குழுவாக ஆராய்கிற நிகழ்ச்சி அது.

ஏரிப் பையன் இரண்டாவது வாரத்தில் போட்ட தகவல் உரிமை மனுவுக்குப் பதில் முப்பது நாளில் வரவில்லை. மேல்முறையீடு செய்து, அவன் கல்லூரிக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. அவன் அம்மா போட்டோ எடுத்து அனுப்ப, அவன் எனக்கு அனுப்பினான். மேற்படிப் பணி தொடர்பான கோப்பு இவ்வலுவலகத்தில் இல்லை என்று ஒரே வரி, கீழே கையெழுத்தும் சீலும். "சார், இதையும் சேத்து எழுதலாமா?" என்று கேட்டிருந்தான். தேதியையும் கடித எண்ணையும் சேர்த்து இடது பக்கத்தில் எழுது என்றேன்.